துணைக்கு ஒரு ஸ்கேன்

"ஏந் துளசி, மாப்பிள்ளை சாப்பிட்டாங்களா? ரெண்டு இட்லி எடுத்து வெச்சயா இல்லியா?"

சமையலறையிலிருந்து அக்கா மாரியாத்தாள் குரல் கொடுத்ததும் துளசிமணிக்குப் பகீரென்றது. அக்கா வாயில் மாப்பிள்ளை என்றால் அது துளசிமணியின் வீட்டுக்காரர் காளிச்சாமிதான். அவர் போய்ச் சேர்ந்த துக்கமே இன்னும் ஆறவில்லை, அதற்குள் இந்தக் கூத்து!

"ஏனுங்க்கா இப்படிப் பேசறீங்க? செத்துப்போனவங்களுக்கு யாராச்சும் இட்லி எடுத்து வெப்பாங்களா?"

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றுவிட்டாள்.

அக்கா அன்னூருக்கு வந்து சேர்ந்ததிலிருந்தே வீடு சரியில்லை. காலையில் குளியலறைக்குப் போனால் ஷேவிங் பிரஷ் ஈரமாக இருக்கிறது. கொடியில் வேட்டி காய்கிறது. ஒரு நாள் மத்தியானம் பக்கத்து அறையில் அசல் காளிச்சாமி இருமுவது மாதிரியே ஓர் இருமல். துளசிமணி கதவைத் தாழ்போட்டுவிட்டு, முருகா முருகா என்று கட்டிலில் சுருண்டுகொண்டாள். பிரஷ்ஷையும் வேட்டியையும் அக்கா நனைத்து வைக்கிறாள் என்றே இருக்கட்டும். இருமலையும் அவளா இருமினாள்? புத்தி பேதலிப்பது என்ன, தொத்து வியாதியா!

அதனால்தான் போன வாரம் கோயமுத்தூருக்குப் போய் மூளையை ஸ்கேன் எடுத்தது. "நீ படுத்தாத்தான் நானும் படுப்பேன்" என்று அக்கா ஒரே அடம். சரி, துணைக்கு என்று துளசிமணியும் ஊசி போட்டுக்கொண்டு அந்த மெஷினுக்குள் படுத்து எழுந்தாள். இன்றைக்கு ரிசல்ட். அக்காவை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்? அந்த அக்காவும் ஒரு நாள் 'நீ யாரு?' என்று கேட்டுவிட்டால்? நினைக்கவே அவளுக்கு அழுகை முட்டியது.

வாசலில் கார் தயாராக நின்றது. "வாங்க அம்மணி, பாத்து ஏறுங்க" என்று டிரைவர் கதவைத் திறந்துவிட்டார். தலை நரைத்த மனுசர், நல்ல மரியாதை தெரிந்தவர்.

சத்தி ரோட்டில் ஏறியதுமே அக்கா ஆரம்பித்துவிட்டாள். "மாப்பிள்ளைக்கு ஏசி ஒத்துக்காது. கண்ணாடிய எறக்கு துளசி."

துளசிமணிக்கு மானம் போயிற்று. முன்பக்கம் குனிந்து, "தப்பா நெனச்சுக்காதீங்க. அக்காவுக்குக் கொஞ்சம்..." என்று நெற்றியைத் தட்டிக் காட்டினாள்.

"அதுக்கென்னங்க அம்மணி" என்றார் டிரைவர். கண்ணாடியை இறக்கினார். கண்ணில் தூசி விழுந்ததோ என்னவோ, துண்டால் துடைத்துக்கொண்டேதான் வண்டி ஓட்டினார்.

ஆஸ்பத்திரியில் காத்திருக்கும்போது அவரே ஓடிப்போய்க் காபி வாங்கிவந்தார். "உங்குளுது சக்கரை போடாததுங்க அம்மணி."

தான் சர்க்கரை இல்லாமல் குடிப்பது இந்த ஆளுக்கு எப்படித் தெரிந்தது? அக்கா சொல்லியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டாலும், துளசிமணிக்கு அந்தக் காபி இறங்கவில்லை. அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். டிரைவர் வெளியிலேயே நின்றுகொண்டார்.

டாக்டர் நித்யஸ்ரீ கம்ப்யூட்டரில் இரண்டு மூளைப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு வைத்திருந்தார்.

"அமிலாய்டுன்னு ஒரு புரதம் இருக்குதுங்கம்மா. மறதி வெளிய தெரியறதுக்குப் பல வருஷம் முன்னாடியே மூளையில படிய ஆரம்பிச்சுரும். இந்தப் படத்துல செவப்பாத் தெரியறது பூராவும் அதுதான்."

அந்தப் படத்தில் சிவப்பில்லாத இடமே குறைவாக இருந்தது. துளசிமணி அக்காவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"நான் பாத்துக்கறனுங்க டாக்டர். கடைசி வரைக்கும் அக்காவ எங்கூட்லயே வெச்சுக் காப்பாத்தறனுங்க. மருந்து மட்டும் எழுதிக் குடுங்க."

டாக்டர் பக்கத்துப் படத்தைத் தொட்டுக் காட்டினார்.

"அக்காவுக்கு ஒண்ணுமில்லீங்கம்மா. அவங்க படம் இது, சுத்தமா இருக்குது." குரலைத் தணித்துக்கொண்டார். "அந்தச் செவப்பு உங்களோட படம்ங்க. இருங்க, உங்க வீட்டுக்காரரையும் வெச்சுப் பேசிரலாம்" என்று மணியை அழுத்தினார்.

துளசிமணி அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். ஐயோ, இந்த டாக்டருக்குமா தொத்திக்கொண்டது!

"காளிச்சாமிங்கறது யாருங்க? உள்ள வாங்க" என்று நர்ஸ் கூப்பிடுவது வெளியே கேட்டது. கதவு திறந்தது. டிரைவர் உள்ளே வந்தார்.

"உக்காருங்க மாப்பிள்ளை" என்றாள் அக்கா.