பட்டு மணல்

எட்டடித் தொட்டிக்கு அடியில் போட மணல் தேடி, சுங்கை பினாங் வளர்ப்பு மீன் கடைக்கு வந்திருந்தார் தெய்வீகன். கடைக்காரர் குணாளன் பிரித்துக் காட்டிய ஒவ்வொரு மணலையும் முழங்கையின் உட்புறத்தில் தேய்த்துப் பார்த்தார்.

“இது குத்துதுண்ணே. நான் வளக்கப்போறது திருக்கை. நாள் பூரா தரையிலயே படுத்துக் கெடக்கும்.”

“எல்லாரும் இதத்தான் போடுறாங்க லா.”

“ஒரே எடத்துல கெடந்தா தோலு உரிஞ்சிரும்ணே. அப்புறம் புண்ணு, சீழு. வாயில்லா ஜீவன், வலிக்குதுன்னு சொல்லுமா?”

“இவ்வளவு வெவரம் எப்படித் தெரியும்?”

“பாத்திருக்கேன் லா.”

கடைசியில், மாவு போன்ற மணலில் இருபது பை எடுத்தார். ஒரு மீனுக்காக இப்படி உருகும் மனிதரா என்று குணாளன் நெகிழ்ந்துபோனார். மறுநாள் தானே வேனில் ஏற்றிக்கொண்டு தெய்வீகன் வீட்டுக்குப் போனார்.

ஹாலையே தொட்டி அடைத்துக்கொண்டிருந்தது. மணலைக் கொட்டிப் பரப்பிவிட்டு, கை கழுவச் சமையலறைக்குப் பின்னால் போனார் குணாளன். அங்கே வெறும் பலகையில் ஒரு பெண் படுத்திருந்தாள். புண்ணின் வாடை மூக்கைத் துளைத்தது.

“என் வொய்ப்தாண்ணே. ரெண்டு வருசமா படுக்கைதான். ஹால்லதான் இருந்தா. தொட்டி வருதுன்னு இங்க மாத்திட்டேன்,” என்று சொல்லிவிட்டுத் தெய்வீகன் தொட்டியைப் பார்க்கப் போனார்.

அவர் போகும்வரை காத்திருந்து, அவள் மெல்லக் கேட்டாள்.

“அண்ணே, அந்த மண்ணு ஒரு பை மிச்சம் இருந்தா, என் முதுகுக்கு அடியில கொட்டிட்டுப் போறீங்களா?”