நாலு புள்ளி

பிளஸ் டூ படிக்கும் டெல்பினுக்கு, மாநிலப் போட்டி தொடங்கும் முன்பே ஊரில் பேனர் வைத்துவிட்டார்கள்: 'வருங்கால இந்தியக் கூடைப்பந்து அணித் தலைவி'. இறுதி ஆட்டத்தில் அவள் எடுத்ததோ நாலே புள்ளி. அதே அணியில் ஆடிய சுகந்தி இருபத்தாறு எடுத்தாள். ஆட்டம் முடிந்ததும் ஒரு பெரிய கல்லூரியின் பயிற்சியாளர் நேராக டெல்பினிடம் வந்து, இலவச சீட்டுக்கான படிவத்தை நீட்டினார்.

"சார், இன்னைக்கு நான் ஒழுங்காவே ஆடலையே?"

"நீ எப்படி ஆடுவேன்னு ஊருக்கே தெரியும்மா. கையெழுத்துப் போடு."

அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. சுகந்தி ஓரமாக உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். இவ்வளவு நேரமும் இவர்கள் யாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று டெல்பினுக்கு விளங்கவில்லை. பேனாவை வாங்கியவள் மெல்லக் கேட்டாள்.

"இந்த சீட் யாருக்கு சார்?"

விளையாட்டுக்குக் கேட்கிறாள் என்று எல்லோரும் சிரித்தார்கள்.