ஸ்டாம்புக்கு எதிர்மூலை

1999 ஆனி மாதத்தில் ஒரு மதியம். செம்மேட்டு விதைக்கடையில் இருந்தவர்கள்: கடைக்காரி ருக்குமணி, அவள் தம்பி முரளி, காரவள்ளியிலிருந்து உறைகள் கொண்டுவந்த ரமீஸ். அந்தக் கடையில் உறை ஒட்டிவந்த ரமீஸின் அக்கா ஜுலைகா பீவி போன ஆண்டே இறந்துவிட்டாள்.

கடை விதைகளை உறையில் போட்டுத் தபாலில் அனுப்பும்; சென்னையில் இப்போது எந்திரம் தபால் பிரிக்கிறது. ஸ்டாம்பின் மேல் அது முத்திரை குத்தும்போது, அடியில் சரிந்து கிடக்கும் சுரை விதை நொறுங்கிவிடும். போன தடவை எல்லாம் தூளாகத்தான் போய்ச் சேர்ந்தது. ஆடிப்பட்டத்துக்கும் அப்படியே போனால் கடையை மூட வேண்டியதுதான். அதனால் விதைகளை ஸ்டாம்புக்கு எதிர்மூலையில், உறைக்குள் வைக்கும் அட்டையோடு ஒட்டினார்கள். பாதிகூட முடியவில்லை, தபால் பஸ் கிளம்பும் நேரம் வந்துவிட்டது. பஸ்ஸைக் கொஞ்சம் நிறுத்திவைக்கச் சொல்லிக் கெஞ்ச ஆள் அதிகம் இருக்கட்டும் என்று மூவருமே டிரைவரிடம் ஓடினார்கள்.

திரும்பி வந்தபோது எல்லா உறையும் தயாராக இருந்தது. மரவள்ளி மாவுப் பசை இன்னும் காயவில்லை. ஒவ்வொரு விதையின் மேலும் விரலகல வெள்ளைத் துணி ஒட்டியிருந்தது. அப்படி ஒட்டுகிறவள் ஜுலைகா ஒருத்திதான்.

“ஏனுங்க ரமீஸண்ணா, இது நீங்களா?” என்றான் முரளி.

“நான் உங்கூடத்தானே டிரைவர் கால்ல விழுந்துட்டிருந்தேன்? அக்காதான். உசுரோட இருந்தப்பவும் நம்ம வேலைய நம்பமாட்டா.”

ருக்குமணி உறைகளைச் சாக்கில் கட்டித் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

“கடை பொழச்சுதுங்க அக்கா. போயிட்டு வாங்க.”

இறந்தவளிடம் ‘வாங்க’ என்று சொன்னது ருக்குமணிக்குப் பிறகுதான் உறைத்தது. அவள் அதை மாற்றிச் சொல்லவில்லை.

ரமீஸ் கதவைப் பிடித்தபடி, ஒருவர் வெளியே வரும் நேரம் காத்திருந்தான். பிறகு சாத்திப் பூட்டினான்.