தொண்ணூற்றொன்று போக மீதி

"முள்ளு எங்க நிக்குதுன்னு பாத்துச் சொல்லு. சீக்கிரம், கை வலிக்குது."

குளியலறை எடைமெஷின் கார் ஷெட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. அதன்மேல் அவன் நின்றான். காரிலிருந்து கழற்றிய முன் சீட்டைக் கைக்குழந்தையைப் போல மார்போடு அணைத்திருந்தான். சீட்டை இறக்கி வைத்தாலும் அவனால் முள்ளைப் பார்க்க முடியாது. நடுவில் தொப்பை இருந்தது.

மனைவி குனிந்து பார்த்தாள். "நூத்தி அஞ்சு."

"என் எடை தொண்ணூத்தி ஒண்ணு போக?"

"பதினாலு."

"எழுது."

சுவரில் மாட்டியிருந்த கரும்பலகையில் எழுதினாள். 'எடுத்தவை' என்ற தலைப்பின் கீழ் ஏற்கெனவே நீளமான வரிசை இருந்தது. பின் சீட் 22. ஏசி 17. ஸ்டெப்னி 13. தரை விரிப்பு 6. ஒவ்வொன்றையும் அவன் தூக்கிக்கொண்டு மெஷினில் ஏறுவான். அவள் தொண்ணூற்றொன்றைக் கழிப்பாள். மூன்று மாதமாக அவர்கள் குடும்பம் நடத்திய அழகு இதுதான்.

எல்லாம் இரண்டு விநாடிக்காக. ஆபீசில் பக்கத்து மேஜைக்காரன் இதே மாடல் சின்னக் காரில் ரேஸ் டிராக்கை ஒரு நிமிஷம் இருபது விநாடியில் சுற்றிவிட்டான். சுற்றியதோடு விட்டானா? அந்த நேரத்தைக் கம்ப்யூட்டர் திரையில் கொட்டை எழுத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இவனுடைய நேரம் ஒன்று இருபத்திரண்டு. நாளை ஞாயிறு. டிராக்கை எல்லோருக்கும் திறந்துவிடும் நாள்.

"சார், லேசான வீல் மாட்டியாச்சு, சைலன்சர் மாத்தியாச்சு, கழட்ட வேண்டியதெல்லாம் கழட்டியாச்சு" என்றார் காருக்கு அடியில் படுத்திருந்த மெக்கானிக். "இனிமே பெயிண்ட்டைச் சுரண்டினாத்தான் உண்டு."

"சுரண்டினா எவ்வளவு குறையும்?"

மெக்கானிக் தலையை வெளியே நீட்டி, அவன் விளையாட்டுக்குக் கேட்கிறானா என்று பார்த்தார். இல்லை என்று தெரிந்ததும் மறுபடி உள்ளே போய்விட்டார்.

"அண்ணே, இது இனி ரோட்டுல ஓடுமா?" என்று கேட்டாள் மனைவி.

"ஸ்பிரிங் கொஞ்சம் தூக்கிப் போடும்மா. மத்தபடி பிரேக் புதுசு, சொன்ன இடத்துல நிக்கும். ரோட்டுக்கும் ஓடும், டிராக்குக்கும் ஓடும். குடும்பத்துக்குத்தான் ஓடாது."

"ரொம்ப தூரம் போகலாமா?"

"ஒரு ஆள்னா தாராளமா."

"பெட்டி கிட்டி வைக்க?"

"பின்னால பூரா மைதானம் மாதிரி கிடக்கே. பத்துப் பெட்டி வைக்கலாம்."

அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "என்னமோ நீயே ஓட்டப்போற மாதிரி கேக்குற? நீ டிராக்கைச் சுத்தினா நேரம் பாக்க வாட்ச் போதாது, காலண்டர்தான் வேணும்."

அவளும் சிரித்தாள். பிறகு சாக்பீஸ் தூளைக் கையிலிருந்து தட்டிவிட்டுச் சொன்னாள். "ஏங்க, திங்கட்கிழமை நான் அங்க சேரணும். ஞாபகம் இருக்கா?"

"எங்க?"

"புது பிராஞ்ச்ல. நானூறு கிலோமீட்டர். மேனேஜராப் போட்டிருக்காங்கன்னு போன மாசமே சொன்னேன். ரெண்டு பேருமா போயிடலாமான்னு கேட்டேன்."

"ஓ." அவன் டேஷ்போர்டு மூடியின் ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டிருந்தான். "மூணு மாசமா பஸ்லதானே வேலைக்குப் போற? அதே மாதிரி பஸ் பிடிச்சுப் போயிடேன். என் வண்டியில சீட்டும் இல்ல பாரு."

"இல்லதான்."

"நாளைக்கு ஒரு நாள் முடியட்டும். அப்புறம் உக்காந்து பேசலாம்."

"எதுல உக்காந்து?"

அது அவன் காதில் விழவில்லை. மூடி கையோடு வந்துவிட்டது. "ஏறி நிக்கிறேன், பாத்துச் சொல்லு!"

"தொண்ணூத்தி ரெண்டு."

"ஒரு கிலோ! எழுது, எழுது!"

எழுதினாள்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு, வீட்டுக்குள்ளேயே ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வந்து ஷெட்டைத் திறந்தான்.

வண்டி இல்லை. எடைமெஷின் மட்டும் இருந்தது.

போலீசுக்குப் போன் போட்டான். ஹெல்மெட்டைக் கழற்றினால்தான் பேச முடியும் என்பது இரண்டாவது 'ஹலோ'வுக்குப் பிறகுதான் உறைத்தது.

"சார், என் வண்டி திருடு போயிடுச்சு! சின்ன வண்டிதான், ஆனா பாத்த உடனே கண்டுபிடிச்சிடலாம். உள்ள ஒரே ஒரு சீட்டுதான் இருக்கும்."

"மீதி சீட்டெல்லாம் முன்னாடியே திருடிட்டாங்களா?"

"நான்தான் சார் கழட்டினேன்."

"சரி, வண்டி யார் பேர்ல இருக்கு?"

"அது... என் மனைவி பேர்ல. அவ சம்பளத்துல வாங்கினது. ஆனா ஓட்டுறது நான்தான் சார்!"

"அவங்ககிட்ட போனைக் குடுங்க."

"இங்க வா!" என்று வீட்டைப் பார்த்துக் கத்தினான். இன்னொரு தரம் கத்தினான். அவளை இன்று காலையில் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"சார்? அவங்க இருக்காங்களா?"

அவன் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றான். 'டேஷ்போர்டு மூடி 1' என்பதற்குக் கீழே, அவள் கையெழுத்தில் புதிதாக ஒரு வரி இருந்தது. எடுத்தது எது என்று எழுதவில்லை, எடை மட்டும்தான்.

91.