மேசைக்கு அடியில்

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை. சிகாகோவின் அந்தச் சின்னப் போலிஷ் கடையில் கால் வைக்க இடமில்லை. பூண்டும் புகைபோட்ட இறைச்சியும் மணக்கின்றன. கண்ணாடிப் பெட்டியின் மஞ்சள் வெளிச்சத்தில் பன்றித்தொடைகள் பளபளக்கின்றன. வரிசையில் இரண்டாவதாக நிற்கிறாள் தனுட்டா. அவளுக்கு முன்னால் யாத்விகா. புருஷன் போய்ச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் உதட்டில் சிவப்புச் சாயம். அவளைப் பார்த்ததும் கடைக்கார ஸெனோன் குனிகிறார். வேண்டியவர்களுக்கு நல்ல துண்டை மேசைக்கு அடியில் ஒளித்துவைக்கிற பழக்கத்தைப் போலந்திலிருந்தே கொண்டுவந்தவர். பதினோரு வருஷமாக அவர் குனிந்தது தனுட்டாவுக்காக மட்டும்தான். "உனக்குன்னே எடுத்து வச்சேன். துளி கொழுப்பு கிடையாது," என்கிறார். "ஐயோ, எதுக்கு ஸெனோன் இதெல்லாம்!" என்று யாத்விகா குழைகிறாள். "வரிசைல நாங்களும்தான் நிக்கிறோம்," என்று தனுட்டா கூடையின் பிடியை நெரிக்கிறாள். யாத்விகா பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நகர்கிறாள். "தனுட்டா மேடம், உங்களுக்கு?" "எப்பவும் வாங்குறதுதான்." ஸெனோன் சிரித்துக்கொண்டே குனிகிறார். அவள் முகம் தன்னையறியாமல் மலர்கிறது. நிமிர்கிறவர் கையில் பொட்டலம் கட்டுகிற காகிதச் சுருள் மட்டும்.