லெய்ட்டே வளைகுடாவில் இரண்டு சம்பந்திகள்

"சம்பந்தி, கையை எடுங்கோ! உங்கட கப்பல் கடலுக்கடியிலை தாண்டு அரை மணித்தியாலமாச்சு."

"அதெல்லாம் இல்ல சம்பந்தி. லேசா சாஞ்சிருக்கு, அவ்வளவுதான். ரிப்பேர் பண்ணிக்கலாம்" என்றார் ராகவன்.

1944 அக்டோபர். பிலிப்பைன்ஸ் கடலில் அமெரிக்காவும் ஜப்பானும் மோதிக்கொண்டிருந்தன. அந்தக் கடல் முழுவதும் ஒஸ்லோ நகரின் குரோருட்டில், சூசைரட்ணம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் விரிந்து கிடந்தது. அட்டைக் கப்பல்கள், இரண்டு பகடை, தொண்ணூறு பக்கத்தில் ஒரு விதிப்புத்தகம். முசாஷி என்ற மாபெரும் போர்க்கப்பல் சோபாவுக்கடியில் எங்கேயோ தொலைந்துவிட்டதால், அதற்குப் பதில் ஒரு கடலைப்பருப்பு மிதந்தது.

அமெரிக்கக் கடற்படைக்குத் தலைமை, நகரின் மறுபக்கம் ஹவுகெட்டோவில் இருக்கும் ராகவன். சென்னைக்காரர், கம்ப்யூட்டர் வேலை. ஜப்பானுக்கு யாழ்ப்பாணத்து மண்டைதீவுச் சூசைரட்ணம். ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறார்.

எல்லாம் ஒரு கலியாணத்துக்காக. சூசைரட்ணத்தின் மகன் டெனிசும் ராகவனின் மகள் வர்ஷாவும் விரும்பினார்கள். சர்ச்சில்தான் என்று இவர் ஒற்றைக் காலில் நின்றார். அம்மருட் முருகன் கோயிலில்தான் என்று அவர் மற்றக் காலில் நின்றார். கத்திக் கத்தி மூன்று மாதம் போனது. ஒருநாள் டெனிஸ் இந்த விளையாட்டுப் பெட்டியை வாங்கிவந்து பொத்தென்று மேசையில் வைத்தான்.

"கத்தாமல் இதிலை அடிபடுங்கோ. வெல்லுற ஆள் சொல்லுற இடத்திலை கலியாணம்."

முதல் சனிக்கிழமை இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. இன்று ஒன்பதாவது சனி. ராகவன் மசால்வடையோடு வந்தார். சூசைரட்ணம் குடையோடு ஸ்டேஷனுக்கே போய்க் காத்து நின்று கூட்டிவந்தார்.

"இண்டைக்காவது முடியுமோ? மேசையிலை வைச்சுச் சாப்பிட்டு ரெண்டு மாசமாச்சு" என்று குசினியிலிருந்து சூசைரட்ணத்தின் மனைவி மேரியம்மா கேட்டாள். உலகப் போர் நடக்கும்போது யார் அதற்குப் பதில் சொல்வது?

"ஆகா, வடக்கே நாலு விமானந்தாங்கி தனியா நிக்குதே!" ராகவன் தன் கப்பல்களையெல்லாம் இரண்டு கையாலும் வழித்து வடக்கே தள்ளினார். "மாட்டினீங்களா!"

"அடியுங்கோ, நல்லா அடியுங்கோ. அதுகளிலை பேருக்குத்தான் பிளேன். உங்களை இழுக்கத்தான் விட்டனான்."

காவலில்லாமல் கிடந்த நீரிணைக்குள் சூசைரட்ணத்தின் யமாட்டோ போர்க்கப்பல் நுழைந்தது. இனி எல்லாம் பகடையின் கையில். இவர் அந்தோனியாரிடம் மனுக் கொடுத்தார், அவர் முருகனிடம். அந்தோனியாரின் அலுவலகம் கொஞ்சம் சுறுசுறுப்பு போலும். சூசைரட்ணம் உருட்டிய இரண்டு பகடையிலும் ஆறு விழுந்தது.

ராகவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கோயில்ல ஐயர்கிட்டகூடப் பேசி வெச்சிருந்தேன். பரவால்ல. வாக்குன்னா வாக்கு. சர்ச்சுலயே வெச்சுக்கலாம் சம்பந்தி."

இந்தச் சொல்லுக்காகத்தான் சூசைரட்ணம் இத்தனை நாள் காத்திருந்தார். கேட்டபோது ஏனோ பெரிய சந்தோஷம் வரவில்லை. அடுத்த சனிக்கிழமை என்ன செய்வது என்றுதான் முதலில் தோன்றியது. ஆனாலும் வெற்றி வெற்றிதானே? இருவரும் கேட்கும்படி போனை ஸ்பீக்கரில் போட்டு மகனை அழைத்தார்.

"டெனிஸ்! ஜப்பான் வெண்டிட்டுது! ஃபாதரோடை கதைச்சு உடனை நாள் எடு!"

சூசைரட்ணம் போனை இன்னும் கிட்ட இழுத்தார்.

"டேய், கேக்குதோ?"

"அப்பா... நானும் வர்ஷாவும் பிரிஞ்சு ஒரு மாசமாச்சு. சொல்லுவம் எண்டு ரெண்டு பேரும் சேர்ந்துதான் ஒரு சனிக்கிழமை வந்தனாங்கள். பாத்தால், நீங்கள் ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சு விளையாடிக்கொண்டு இருந்தியள். சொல்ல மனம் வரேல்லை, அப்பிடியே திரும்பிப் போட்டம்."

சூசைரட்ணம் போனை வைத்தார்.

பிறகு ராகவன் வடக்கே போன தன் கப்பல்களை ஒவ்வொன்றாகப் பழைய இடத்துக்கே நகர்த்தி வைத்தார்.

"அப்ப இந்த ஆட்டம் செல்லாது சம்பந்தி. முதல்லேருந்து ஆரம்பிங்க."