பதினோராவது இடம்

"பதினொண்ணா? கார்னெல் பூத்துக்குப் பதினோராவது இடமா? காலங்காத்தால ஊத்திக்கிட்டு வந்தியா நீ?"

லீமன் கையை ஆட்டிய ஆட்டத்தில் டயாலிசிஸ் மெஷின் கீச்கீச்சென்று கத்த ஆரம்பித்தது. நர்ஸ் லட்ரீஸ் ஓடி வந்தாள்.

"மிஸ்டர் லீமன்! ஊசி இருக்கிற கையை அசைக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

"என்னை ஏன் அதட்டுறே? இந்த ஆளை அதட்டு. இதுவரைக்கும் வந்த ஹெவிவெயிட் குத்துச்சண்டை சாம்பியன்கள்லயே முதல் மூணு பேருக்குள்ள வர்றவன் கார்னெல். நம்ம வடக்கு பிலடெல்ஃபியாக்காரன். அவனைப் போய்ப் பதினொண்ணுங்கிறான்!"

பக்கத்து நாற்காலியில் கழுத்துவரை போர்த்திக்கொண்டிருந்த ஹொரேஸ் கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

"பாவமேன்னு பதினொண்ணு குடுத்தேன்" என்றார்.

லட்ரீஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேச்சுக்கு இன்றைக்குத்தானா நாள் கிடைத்தது?

இன்று லீமனுக்குக் கடைசி டயாலிசிஸ். ஒன்பது வருடமாகச் செவ்வாய், வியாழன், சனி என்று வந்து நாலு நாலு மணி நேரம் உட்கார்ந்தது போதும், இனி வரமாட்டேன் என்று போன வாரமே சொல்லிவிட்டார். மனைவி போய்ச் சேர்ந்ததிலிருந்து இதே பேச்சுதான். நிறுத்தினால் உயிர் பத்து நாள் தங்கும், மிஞ்சிப் போனால் இரண்டு வாரம். டாக்டர் சொல்லிப் பார்த்தார். அட்லாண்டாவிலிருந்து மகள் போனில் அழுது பார்த்தாள். மனுஷர் மசியவில்லை. சிகிச்சையை நிறுத்தச் சம்மதம் என்று அவர் கையெழுத்துப் போட வேண்டிய காகிதம் லட்ரீஸின் கையில்தான் இருந்தது. அங்கே இருக்கிற அத்தனை பேருக்கும் விஷயம் தெரியும், ஹொரேஸுக்கும்தான். டயாலிசிஸுக்கு வந்து மூன்று வாரம்கூட ஆகாத ஆசாமி, சாகத் துணிந்த மனுஷனை இப்படியா சீண்டுவார்?

"ஆறு வருஷம் பட்டத்தை விடாம வச்சிருந்தவன்டா அவன்!" என்றார் லீமன்.

"வச்சிருந்தா? யாரை ஜெயிச்சான், சொல்லு. எல்லாம் ஒப்புக்குச் சப்பாணிங்க."

"சப்பாணியா? எர்ல் டாகெட் சப்பாணியா?"

"டாகெட்டா? அவன் கிழவன்யா."

"அப்ப அவனுக்கு இருபத்தாறு வயசுடா, மடையா!"

"பாத்தா கிழவன் மாதிரிதான் இருந்தான். வேற யாரு? சொல்லு, சொல்லு."

லீமன் சொன்னார். ரூஃபஸ் கேட்லினை ஒன்பதாவது ரவுண்டில் விழ வைத்ததைச் சொன்னார். இடது கண் மூடிப் போன நிலையிலும் கார்னெல் பன்னிரண்டு ரவுண்டு நின்றதைச் சொன்னார். அந்தச் சண்டையன்று, ஓட்டிக்கொண்டிருந்த பஸ்ஸை ஒரு ஸ்டாப்பில் நிறுத்திவிட்டு, பயணிகள் எல்லாரோடும் சேர்ந்து ரேடியோவில் கேட்டதைச் சொன்னார். சொல்லச் சொல்ல முகத்தில் ரத்தம் ஏறியது. இத்தனை மாதத்தில் அவர் இவ்வளவு பேசி லட்ரீஸ் பார்த்ததில்லை. அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது. ரத்த அழுத்தத்தைப் பார்த்தாள். எகிறியிருந்தது.

"மிஸ்டர் ஹொரேஸ், கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு இருங்களேன்" என்றாள்.

"நான் எங்கம்மா பேசுறேன்? அவன்ல பேசுறான்."

"சரிடா, கார்னெலுக்கு மேல இருக்கிற அந்தப் பத்துப் பேரு யாரு? பேரைச் சொல்லு!" என்று பாய்ந்தார் லீமன்.

"அலி, ஜோ லூயிஸ்... மத்தவங்களை நான் எதுக்குச் சொல்லணும்? வக்காலத்து வாங்குறது நீ. நிரூபிக்க வேண்டியதும் நீதான்."

"நிரூபிக்கட்டுமா? நிரூபிக்கட்டுமாடா? என் வீட்ல ஒரு பெட்டி நிறையப் பேப்பர் வெட்டி வச்சிருக்கேன். ஒவ்வொரு சண்டையும் இருக்கு. தேதி போட்டு இருக்கு!"

"பழைய பேப்பர்ல எவன் வேணும்னாலும் எதை வேணும்னாலும் எழுதுவான்."

"கொண்டு வந்து உன் மூஞ்சியில அடிக்கிறேன் பாரு!"

மணி பதினொன்றானது. லட்ரீஸ் ஊசியை எடுத்து, பஞ்சு வைத்து அழுத்திக் கட்டினாள். எடை பார்த்தாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு காகிதத்தை நீட்டினாள்.

"மிஸ்டர் லீமன்... இது..."

லீமன் காகிதத்தைப் பார்த்தார். கோட்டில் ஒரு கையை நுழைத்தபடி ஹொரேஸைப் பார்த்தார்.

"அதை அப்புறம் பாத்துக்கலாம். வியாழக்கிழமை எனக்கு இதே நாற்காலியைப் போட்டு வை. இவனுக்குப் பக்கத்துலதான் போடணும், தெரியுதா? பெட்டி கனமா இருக்கும், தூக்க ஒரு ஆளையும் சொல்லி வை."

பதிலுக்குக்கூடக் காத்திருக்காமல் விறுவிறுவென்று போய்விட்டார்.

கதவு சாத்தியதுதான் தாமதம், லட்ரீஸ் ஹொரேஸ் பக்கம் திரும்பினாள். மனதில் இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டாள்.

"உங்களுக்கு மனசாட்சி இருக்கா? அந்த மனுஷன் என்ன நிலைமையில இருக்கார்னு தெரியும்ல? பிரஷர் ஏறி ஏதாவது ஆகியிருந்தா? அப்படி என்ன கார்னெல் பூத் மேல உங்களுக்கு வன்மம்?"

ஹொரேஸ் மெல்லக் கண்ணைத் திறந்தார்.

"கையெழுத்துப் போட்டானா?"

"இல்லை. வியாழக்கிழமை வர்றாராம்."

"அப்பாடா!" என்றார் ஹொரேஸ். போர்வையை விலக்கி, ஊசி இல்லாத கையால் அவளைக் கிட்டே வரச் சொல்லிக் குரலைத் தாழ்த்தினார். "அந்தப் போனை எடு, பொண்ணு. வியாழக்கிழமை அந்தக் கார்னெலைப் பதினஞ்சாவது இடத்துக்குத் தள்ளணும், அதுக்கு ஒரு நாலு பேர் பேரு பாத்துச் சொல்லு. எனக்கு பேஸ்பால்தான் தெரியும், என் ஜென்மத்துல ஒரு குத்துச்சண்டைகூடப் பாத்ததில்ல."